கட்டாமல் விட்ட மூட்டைகள்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். புதிதாக வந்த வரித் திருத்தம் ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தீர்கள். இது யாருக்குப் பொருந்தும், நேற்று வண்டி ஏறிய சரக்குக்கும் உண்டா, அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று ஆளுக்கொரு கேள்வி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிழவனுக்குக் கொழுப்பைப் பார் என்று நினைத்திருப்பீர்கள். இதே முகங்களை நான் ஓசூரில் முன்பே பார்த்திருக்கிறேன், அதனால் வந்த சிரிப்பு அது.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நாலு வார்த்தையில் நிறுத்திப் பழக்கமில்லாத ஆளிடம் வந்து கேட்டிருக்கிறீர்கள், அனுபவியுங்கள். சட்டப் பிரிவுகளை நான் சொல்லப் போவதில்லை. அதை உங்களுக்கு அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். கெலமங்கலத்தில் ஒரு நாள் காலை நடந்ததைச் சொல்கிறேன்.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த அடுத்த வருஷம் அது. ஓசூரில் அப்போது இந்தத் தொழிற்சாலைகள், சங்குச் சத்தம், ஷிப்டு பஸ் எதுவும் கிடையாது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே காபிக் கடை மாடியில் எனக்கு ஒரு அறை. வியாபாரிகளுக்கு விற்பனை வரிக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பதும், அதிகாரி கூப்பிட்டால் அவர்களுக்காகப் போய் நிற்பதும் என் பிழைப்பு. வயசு கம்மி, மீசை மட்டும் பெரிது. கீழேயிருந்து வருகிற காபி வாசனையிலேயே பாதி வருமானத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அப்போது சேலம் மாவட்டம். மேலதிகாரியைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் போக வேண்டும், அன்றைய நாள் அதோடு சரி.

அந்த வருஷம்தான் மத்திய விற்பனை வரிச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்கிற சரக்கெல்லாம் அதற்குள் வரும் என்றார்கள். சென்னையில் உட்கார்ந்து கேட்டால் இது சாதாரணம். ஓசூரில் அப்படியா? காலையில் இங்கே பல் விளக்கிவிட்டு மைசூர் ராஜ்யத்துக்குப் போய் இட்லி சாப்பிட்டு வருகிற ஊர் இது. பொண்ணு கொடுத்தது அந்தப் பக்கம், மாடு வாங்கியது அந்தப் பக்கம், கடன் மட்டும் இரண்டு பக்கமும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா கச்சேரியில் தமிழ் என்று பேசிக்கொண்டு, எல்லை எங்கே இருக்கிறது என்று கவலையே படாமல் இருந்த ஜனங்களிடம் போய், நீ எல்லையைத் தாண்டி வியாபாரம் செய்கிறாய் என்று சொன்னால் என்ன ஆகும்? ஊரே வெலவெலத்துப் போயிற்று.

காதர் பாய் வெலவெலத்ததுதான் இந்தக் கதை.

பாய்க்குக் கெலமங்கலத்தில், பஸ் போகிற ரோட்டு ஓரமாகவே ஒரு கொட்டகை. பட்டுக்கூட்டுத் தரகு. உங்களில் பட்டுக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். சுற்றுக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு புழு வளர்ப்பார்கள். மல்பரி இலையை ராவும் பகலுமாகத் தின்றுவிட்டு, புழு தன்னைச் சுற்றி நூலைக் கட்டிக்கொண்டு உள்ளே அடங்கிவிடும். அதுதான் கூடு. அதை எல்லைக்கு அந்தப் பக்கம் பட்டு நூற்கிற ஊருக்குக் கொண்டுபோய் விற்க வேண்டும். சீக்கிரம் விற்க வேண்டும், அதுதான் அதில் உள்ள வம்பு. நாள் கடந்தால் உள்ளே இருப்பது பூச்சியாகி, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டை யாரும் தொட மாட்டார்கள்.

பாய் கூட்டை விலைக்கு வாங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கூட்டைத் தங்கள் வீட்டுத் துணியிலேயே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பழைய சேலை, வேட்டி, சாயம் போன ஜமுக்காளம் என்று விதவிதமான மூட்டைகள். ஒன்றோடு ஒன்று சேரக் கூடாது, அது அவர்களுக்குள் கண்டிப்பான வழக்கம். ஏனென்றால் ஒரு வீட்டுக் கூடு மாதிரி இன்னொரு வீட்டுக் கூடு இருக்காது. அந்தப் பக்கத்து நூற்பாளர்கள் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்து, மூட்டைக்கு மூட்டை தனி விலை கேட்பார்கள். பாய் லாரியில் கொண்டுபோய் விற்று, அவரவர் விலையை அவரவருக்குக் கொடுத்து, தன் தரகை எடுத்துக்கொள்வார். யாருக்கும் பாக்கி வைக்காத மனுஷன் என்று பெயர். மூட்டையை அவிழ்த்து நல்ல கூட்டை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்தார் என்று அவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

நம்முடைய மெட்ராஸ் சட்டத்தில் இப்படிப்பட்ட தரகருக்கு ஒரு தனி லைசென்ஸ் உண்டு. சரக்கு இன்னாருடையது, நான் அவருக்காக விற்கிறேன் என்று காட்டினால், வரி அவர் தலையில் விழாது. பாய் அந்த லைசென்ஸ் வைத்திருந்தார். இதுதான் கதையின் முளை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'தரகர் என்று சும்மா சொல்லிக்கொள்கிறார், உண்மையில் இவரே வாங்கி இவரே விற்கிறார்' என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டால், லைசென்ஸ் போய்விடும். கடந்துபோன வருஷங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாயே வியாபாரி என்று வரி போடுவார்கள். கொட்டகை, வீடு, பீவியின் நகை எல்லாம் போனாலும் அந்த வரிக் கடன் அடையாது.

புதிதாக ஒரு அதிகாரி ஓசூருக்கு மாற்றலாகி வந்திருந்தார். தஞ்சாவூர்க்காரர். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார், நாம் பேசும்போது நம் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். புதுச் சட்டம் வந்ததும் எல்லை தாண்டுகிற சரக்கையெல்லாம் ஒரு தடவை பார் என்று மேலிடத்து உத்தரவு. அவர் பாயிடம் ஆள் அனுப்பினார். 'நாளை காலை கொட்டகைக்கு வருகிறேன், அதுவரை லாரி கிளம்ப வேண்டாம்' என்று செய்தி.

மறுநாள் காலை நான் பூரியும் கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், படியேறி பாய் வருகிறார். முகத்தில் கவலை இருந்தது, ஆனால் அதற்கு மேலே ஒரு பெருமையும் இருந்தது.

"தம்பி, ஆபீசர் வராராமே, தெரியுமா?"

"தெரியும் பாய். உக்காருங்க, பூரி சாப்பிடுங்க. பயப்படாதீங்க, மூட்டையெல்லாம் தனித்தனியா இருக்கு, அதைக் காட்டினாப் போதும்."

"மூட்டையா? அத்தெல்லாம் நேத்தே சரி பண்ணிட்டேன் தம்பி. கிழிஞ்ச சேலையும் கந்த வேட்டியுமா கெடந்தா, பாக்கற ஆபீசரு இன்னா நெனப்பாரு? திருட்டுச் சரக்கு மாதிரி இருக்குமே. அவுத்து எல்லாத்தயும் ஒண்ணாக் கொட்டி, நெரவிப் பரப்பி வெச்சிட்டேன். கொட்டகையப் பாத்தா நெல்லுக் களம் மாதிரி லட்சணமா இருக்குது."

எனக்குக் கையில் எடுத்த பூரி வாய்க்குப் போகவில்லை. அட பாவி மனுஷா! ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தன் கையாலேயே கொட்டி நிரவி அழகு பார்த்திருக்கிறார். வேறு ஊர் வியாபாரி கணக்கை ஒளித்து மாட்டிக்கொள்வான். எங்கள் பாய் மரியாதைக்காக மாட்டிக்கொண்டார். அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்று கூடத்தைப் பெருக்கி வைப்பது போலக் கொட்டகையைப் பெருக்கி வைத்துவிட்டார்.

விஷயத்தை விளக்கினேன். பெருமை அப்படியே இறங்கியது. "யா அல்லா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் மோசம் பண்ணலியே தம்பி, ஒருத்தரையும் மோசம் பண்ணலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. கையைக் கழுவிக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொட்டகை உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தது. தரை முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகக் கூடு, விரலால் அளந்தது போல ஒரே மட்டம். அவிழ்த்த துணிகளைக்கூட மடித்து ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். வாசலில் லாரி நின்றது. நல்ல வெயில் காலம். உள்ளே நுழைந்ததுமே புழுக்கம் முகத்தில் அடித்தது. இந்தச் சூட்டில் பூச்சி வெளியே வர எத்தனை நேரம் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கொட்டகையில் வேலை பார்க்கிற ஆட்கள் மூன்று நான்கு பேர், எல்லாரும் பாயுடைய சொந்தக்காரர்கள். அவர்களில் பாயின் மச்சான் ஒருவர் கொஞ்சம் சூட்டிகையான ஆள். நான் பாயிடம் சொன்னதைக் கேட்டதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இதுக்கு இன்னாத்துக்கு அழுவுறீங்க? துணி இங்கதான கீது? ஆபீசர் வரத்துக்கு இன்னும் நேரம் இருக்குது. அள்ளி அள்ளிப் போட்டு மறுபடி கட்டிடலாம். யாரு யாரு எத்தினி கொண்டாந்தாங்கன்னு நமக்குத் தெரியும். அதே துணி, அதே எடை. எவனுக்குத் தெரியப் போவுது?"

சொல்லி முடிப்பதற்குள், முனிரத்தினம்மா என்கிற கூட்டுக்காரரின் சேலையை விரித்து இரண்டு கை கூட்டை அள்ளிப் போட்டும்விட்டார்.

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் தொழிலில் இந்த இடம் உங்களுக்கும் வரும், வராமல் இருக்காது. அவர் சொன்னதில் என்ன தப்பு? பொய்யான ஒன்றை நிலைநாட்டச் சொல்லவில்லை. நேற்று மாலை வரை இருந்த உண்மையை மறுபடி இருந்தபடி வைக்கலாம் என்கிறார். பாய் தரகர் என்பது உண்மை. மூட்டைகள் தனித்தனியாக வந்தன என்பதும் உண்மை. அந்த உண்மையைக் காட்ட ஒரு சின்ன ஜோடனை. மறுத்தால், நல்ல மனுஷன் ஒருவர் தெருவுக்கு வருவார். எனக்கு ஆசையாகவே இருந்தது. பாயும் என்னைத்தான் பார்த்தார். நான் தலையை ஆட்டியிருந்தால் அத்தனை பேரும் குனிந்திருப்பார்கள்.

"வேண்டாம், கீழ போடுங்க" என்றேன்.

"ஏன் சார்?"

"அந்தச் சேலைய முனிரத்தினம்மா வீட்டுச் சேலைன்னு சொல்லுவீங்க. உள்ள இருக்கறது யார் வீட்டுக் கூடு? ஆபீசர் அந்தம்மாவைக் கூப்பிட்டு இது உன்னுதான்னு கேட்டா, அந்தம்மா என்ன சொல்லணும்? நாம சோடிச்சதுக்கு அவங்களும் பொய் சொல்லணுமா?"

மச்சானுக்கு என் மேல் கெட்ட கோபம். "படிச்சவங்க நாயம் பேசிக்கினே இருங்க, கொட்டகைய ஜப்தி பண்ணிக்கினு போவட்டும்" என்றார். பாயோ அந்தச் சேலையிலிருந்த கூட்டை மறுபடி தரையில் கவிழ்த்து, சேலையை மடித்து மூலையில் வைத்தார். அந்த நிமிஷம் அந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை.

கூட்டுக்காரர்களுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். வந்து நிற்கட்டும், அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்பது என் எண்ணம். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. இருந்தது போல முகத்தை வைத்துக்கொண்டேன், அதற்கும் சேர்த்துத்தானே கட்சிக்காரர் நமக்குக் கூலி கொடுக்கிறார்.

அவர்கள் வருவதற்குள் அதிகாரி வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு முன்பே. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். தரை முழுக்கப் பரப்பியிருந்த கூட்டை ஒரு தடவை, மூலையில் மடித்திருந்த துணிகளை ஒரு தடவை, கடைசியாக என்னை ஒரு தடவை.

"இது யாருடைய சரக்கு?"

"சுத்துப்பட்டு வீடுகளோடது சார். பாய் தரகர்."

"எந்தக் கூடு எந்த வீட்டோடது, காட்டுங்க."

"காட்ட முடியாது சார். நேத்து நீங்க வரப் போறீங்கன்னு தெரிஞ்சதும் பாய் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டார். மூட்டைமூட்டையா கிடந்தா உங்களுக்கு மரியாதைக் குறைவுன்னு நினைச்சிருக்கார்."

சொல்லும்போது எனக்கே அது கேட்க நன்றாக இல்லை. அதிகாரி என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார்.

"கணக்கில் பேர் பேரா எழுதியிருக்கும், இல்லையா?"

"இருக்கு சார்."

"பேர் யார் வேணும்னாலும் எழுதலாம். ஒரே குவியல்னா ஒரே சொந்தக்காரர். நான் பார்க்கிறது அதுதான்" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. பாய் சுவரோடு சாய்ந்து நின்றார்.

அப்போதுதான் முனிரத்தினம்மா வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவர், வீட்டில் தெலுங்கு. மல்பரித் தோட்டம் அந்தம்மாள் பேரில், புழு வளர்ப்பும் அந்தம்மாள் கையில், புருஷன் மாட்டைப் பார்த்துக்கொள்வார். அந்தச் சுற்றில் அவர் வீட்டுக் கூட்டுக்குத்தான் எப்போதும் மேல் விலை. அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். அதிகாரி இருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லார் கண்ணும் தரையில்.

"அய்யய்யோ! ஏ பாயி! இன்னா பண்ணி வெச்சிக்கற?" முனிரத்தினம்மாவின் குரல் ரோடு வரை கேட்டிருக்கும். "என் கூட்ட எங்க? என் கூடு எங்கய்யா?"

"அம்மா, அது வந்து..."

"வந்துமில்ல போயிமில்ல! புள்ளைக்கு ஜொரம்னு தெரிஞ்சும் விட்டுட்டுப் போயி எல பறிச்சேன். கண்ணு முழிச்சி வளத்த கூடு. அத்தக் கொண்டு போயி இவன் கறக்கூட்டோட கலந்து வெச்சிருக்கியே!"

'இவன்' என்று கை காட்டப்பட்டவர் பின்னால் நின்ற ஒரு பெரியவர். கறை பட்ட கூடு என்றால் விலை போகாத கூடு, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எது கறக்கூடு? என் கூடா? போன தபா என் மூட்டைக்கு இன்னா வெல வந்துச்சின்னு பாயையே கேளு! உன் கூட்டுல பாதி, ரெண்டு புழு சேந்து கட்டுன ரெட்டக்கூடு, நூலே சரியா வராது, அத்த அடியில வெச்சிக் கட்டுவ!"

"யாரு அடியில வெச்சது? சொல்லு, யாரு வெச்சது?"

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது. ஒருத்தர் தன் கூடு கனமானது என்கிறார், இன்னொருத்தர் தன் கூட்டைத் தட்டிப் பார்த்தால் சத்தமே வேறு என்கிறார். ஒரு பெண் உட்கார்ந்து பொறுக்கவே ஆரம்பித்துவிட்டார். "இது என்னுது, இதும் என்னுது, இது சத்தியமா என்னுது இல்ல, இந்தா நீ வெச்சிக்கோ" என்று பக்கத்தில் இருந்தவர் மடியில் போட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாய்க்கு அர்ச்சனை. முனிரத்தினம்மா தமிழில் சொல்வதற்கு வார்த்தை போதாமல் தெலுங்குக்கு மாறியதும் நிஜமாகவே கூரை அதிர்ந்தது. பாய் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஓடிப்போய் அவர்களை அடக்க வேண்டும். அதிகாரி முன்னால் கட்சிக்காரருக்குக் கெட்ட பேர் வந்தால் அடக்குவதுதான் நம் கை தானாகச் செய்கிற காரியம். மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார், "இன்னா சார் பாத்துக்கினு நிக்கறீங்க, நிறுத்துங்க" என்று. ஒரு அடி எடுத்தும் வைத்தேன்.

அதற்குள் அதிகாரியைப் பார்த்துவிட்டேன். அவர் என் காதைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக ஒரு மனுஷரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், முனிரத்தினம்மாவை. வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வாயை மூடினேன். மேசைக்கு மேசை போய் எத்தனையோ வாதாடியிருக்கிறேன், அன்றைக்குச் சும்மா நின்றதுதான் எனக்கு வேர்த்துக் கொட்டிய வேலை.

விற்றுவிட்ட சரக்குக்காக யாராவது இப்படி அடித்துக்கொள்வார்களா? தன் கூட்டைப் பாய்க்கு விலைக்குக் கொடுத்துவிட்டவளுக்கு, அதை எதோடு கலந்தால் என்ன? வந்த கூட்டுக்காரர்கள் எல்லாரும், இது என்னுடையது, இன்னும் என்னுடையது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் மூட்டையைக் கட்டி வைத்திருந்தால் அவர்கள் ஏன் கத்தப் போகிறார்கள்?

சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும் அதிகாரி முன்னால் வந்தார். அப்போதுதான் அவர்கள் அவரைப் பார்த்தார்கள். பொறுக்கிக்கொண்டிருந்த பெண் சட்டென்று எழுந்து நின்றார்.

"நான் வரி ஆபீசர். உங்க சரக்கை இவர் கலந்துட்டார்னு சொல்றீங்க. இவர் மேல யாருக்காவது புகார் கொடுக்கணுமா? இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

 இவ்வளவு நேரம் போட்டுத் தாக்கிய வாய்களெல்லாம் இறுக மூடிக்கொண்டன.  யாராவது ஒருத்தர் கோபத்தில் ஆமாம் என்றால் பாயின் கதை வேறு மாதிரி ஆகிவிடும். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

முனிரத்தினம்மா இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"பொகாரா? இன்னாத்துக்குப் பொகாரு? கூடு எங்குளுது. கலந்தது எங்க பாயி. கேக்கறது நாங்க. நடுவுல நீங்க யாரு சாமி?"

அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது சாதாரணம். அவர் நாலைந்து பேரிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டார். கூட்டைப் பாய்க்கு விற்றீர்களா என்று கேட்டதற்கு, விற்றுத் தரத்தான் கொடுத்தோம் என்று ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரே மாதிரி சொன்னாலும் ஒவ்வொருவரும் கடைசியில் தன் கூடுதான் உசத்தி என்று சேர்த்துக்கொண்டார்கள், அதையும் அவர் எழுதிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. லாரி கிளம்பலாம் என்றார். தரகர் என்பதில் சந்தேகமில்லை, லைசென்ஸ் அப்படியே இருக்கட்டும், இனிமேல் மூட்டையை மட்டும் அவிழ்க்காதீர்கள் என்று பாயிடம் சொன்னார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போய், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதிகாரியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

விலை விஷயத்தை அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு தடவை எடைக்கு ஏற்பப் பங்கு, பாய் தரகு எடுக்கக் கூடாது. முனிரத்தினம்மா அதற்கும் லேசில் சம்மதிக்கவில்லை. லாரியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார், விலை பேசும்போது தானும் பக்கத்தில் நிற்பேன் என்று. அவர் ஏறியதும் இன்னும் நாலு பேர் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மைசூர் ராஜ்யத்துக்கு அன்றைக்கு எங்கள் பக்கத்திலிருந்து கூட்டோடு சேர்ந்து சண்டையும் ஏற்றுமதி ஆயிற்று. பாய் அத்தனை பேர் திட்டுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது.

நீங்கள் சட்டம் படியுங்கள், திருத்தம் படியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். புதுச் சட்டம் வருகிறபோது நம் ஆள் பயந்துபோய் எதையாவது அழகுபடுத்தப் பார்ப்பான். அதைத் திருத்துகிறேன் என்று நீங்கள் இன்னொரு முறை அழகுபடுத்தப் போகாதீர்கள். நடந்த குளறுபடியைக் குளறுபடியாகவே எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். இதைச் சொல்வது எளிது. செய்கிற நேரத்தில் மச்சான் மாதிரி யாராவது உங்கள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பார்.

எனக்கு இந்தப் புத்தி அன்றைக்கே முழுசாக வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். லாரி போன பிறகு நானும் அதிகாரியும் ஓசூர் பஸ்ஸுக்காக ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். இரண்டு பேருக்கும் நல்ல பசி. முனிரத்தினம்மா ஞாபகம் வந்து அவர் தானாகச் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தத் தைரியத்தில், நேரத்துக்கு முன்பே வந்துவிட்டீர்களே சார், ஏன் என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் தேன்கனிக்கோட்டையிலேருந்து இதே பஸ்ஸில்தான் திரும்பினேன்" என்றார். "கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஆட்கள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டறதை ஜன்னல் வழியா பார்த்தேன். ஏன் கொட்டறாங்கன்னு புரியலை. ராத்திரி முழுக்க யோசிச்சேன். இன்னிக்குக் காலையில் வந்து பார்க்கும்போது மறுபடி மூட்டை கட்டியிருந்தா, உள்ளேயே நுழையாம திரும்பிப் போய் லைசென்ஸை ரத்து பண்ணிடறதுன்னு முடிவோட வந்தேன்."

பஸ் வந்தது. அவர் முதலில் ஏறிக்கொண்டார். நான் ஏறுவதற்கு முன் திரும்பி, அந்தக் கொட்டகைக் கதவை ஒரு தடவை பார்த்தேன்.